இரண்டு மணிக்கு என் ஈரல்

என் அலமாரியில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. நாளுக்கு மூன்று வரி வீதம் ஒன்றரை வருஷம் எழுதியது. ஏறக்குறைய எல்லா வரிகளும் ஒரே ஆளின் ஈரலைப் பற்றியவை. அந்த ஆளுக்கு எந்த நோயும் இல்லை. அந்த ஆள் நான்தான்.

போன வாரம் உங்கள் ஸ்கேன் அறைக்கு வந்திருந்தேன். திரையில் ஈரல், பித்தப்பை, ரத்தக் குழாய் எல்லாம் படமாகவே தெரிந்தன. வேலைக்குச் சேர்ந்து பத்து நாளான ஒரு பெண், "உங்க காலத்துல படமே கிடையாதாமே சார், பிறகு எப்படி நிச்சயமாச் சொல்வீங்க?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தபோது, அது மழுப்பக்கூடிய கேள்வி இல்லை என்று தோன்றியது. ஆகவே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. நகரத்தின் வடகோடியில், டோல்கேட்டுக்கு வடக்கே ஓர் ஆஸ்பத்திரி. துறைமுகக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், மீன்பிடிக்கிறவர்கள், ஆலைத் தொழிலாளிகள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். யாரோ வெளிநாட்டு நல்லவர்கள் கப்பலில் அனுப்பிவைத்த பழைய எதிரொலி இயந்திரம் ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. அதை இயக்குகிற வேலை என்னிடம் வந்தது. டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் திரை, அதில் பச்சையாக ஒரு கோடு. கருவியின் முனையை உடம்பில் வைத்தால் ஒலி உள்ளே போகும். எங்கெல்லாம் தடுக்கப்படுகிறதோ அங்கிருந்தெல்லாம் திரும்பி வரும். திரும்பி வருகிற ஒவ்வொன்றுக்கும் கோட்டின் மேல் ஒரு முள் எழும். அவ்வளவுதான் அது காட்டும்.

நல்ல ஈரலில் குட்டைப் புல் மாதிரி சின்னச் சின்ன முட்கள் நெருக்கமாக நிற்கும். தண்ணீர் நிறைந்த இடத்தில் ஒலி தடுக்கப்படாது. அதனால் இந்தப் பக்கச் சுவருக்கு ஒரு நீள முள், அந்தப் பக்கச் சுவருக்கு ஒரு நீள முள், நடுவில் வெறுங்கோடு. சீழும் முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு குமிழ் உண்டு. ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டிருக்கும். அதைத் திருப்பிப் பலத்தைக் கூட்டினால், ஏழுக்கு வருவதற்குள் சீழுக்குள் பொடி முட்கள் எழும்பிவிடும். தெளிந்த தண்ணீரோ எவ்வளவு கூட்டினாலும் வெறுங்கோடாகவே கிடக்கும். எங்கள் வித்தை முழுவதும் இதுதான்.

முனைக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. உங்களுக்குப் பசை புட்டியில் வருகிறது. நாங்கள் தேங்காய் எண்ணெய் தடவினோம். மார்கழிக் காலையில் அது உறைந்து போகும். வார்டு ஆயா தனம்மா புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, "இந்தா சார், நம்ம சூட்டுக்கே உருகிப்பூட்ச்சு" என்று நீட்டுவார்.

அந்த வட்டாரத்தில் ஈரல் வீங்கி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அமீபா. கெட்ட தண்ணீரில் வருகிற ஒட்டுண்ணி. குடலில் கடுப்பாகத் தொடங்கும். சிலருக்கு ஈரலுக்குப் போய் அங்கே சீழ் கட்டும். சாராயம் குடிக்கிறவர்களிடம்தான் அதை அதிகம் பார்த்தோம். மதுவிலக்கு இருந்த வருஷங்கள் அவை. சாராயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சொன்னால் போலீஸுக்குப் போகும் என்ற பயம். ஆகவே நோயாளியின் தாளில் 'குடிப்பழக்கம்' என்ற இடத்தில் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கும்: மறுக்கிறார். நாங்கள் எல்லாரும் அதைக் குடிக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்ததால், பழக்கம் கெட்டிப்பட்டுவிட்டது.

எங்கள் பெரிய டாக்டர் இந்தச் சீழ்க் கட்டிகளில் கை தேர்ந்தவர். விலாவில் விரலால் தட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிற்பார். அங்கே நீள ஊசியை இறக்குவார். செம்மண் கலந்த காப்பி மாதிரி சீழ் வரும். மூச்சுவிட முடியாமல் வந்தவர் மறுநாள் காலையில் இட்லி கேட்பார். நான் பார்த்தவரை அந்த ஊசி இடம் தவறியதில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பச்சைக் கோடு எதற்கு? இருந்தும், இயந்திரம் வந்த புதிதில் என்னை நம்பி நோயாளிகளை அனுப்பினார். அந்த நம்பிக்கையை மூன்றாம் மாதமே நான் கெடுத்தேன்.

விம்கோ நகர்ப் பக்கமிருந்து ஒரு பாய்லர் தொழிலாளி வந்தார். பிற்பகல். முனையை வைத்தேன். இரண்டு நீள முட்கள், நடுவில் வெறுங்கோடு. குமிழை எட்டு வரை திருப்பினேன். அப்போதும் வெறுங்கோடு. "தெளிந்த நீர். சீழ் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மிக அழகாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. பெரிய டாக்டர் ஊசியைத் தள்ளிவைத்தார். இரண்டாம் நாள் அந்த மனிதருக்கு மூச்சுத் திணறிவிட்டது. அவசரமாக ஊசி போட்டபோது ஒரு கூஜா நிறையச் சீழ் வந்தது. பிழைத்துக்கொண்டார். மார்புக்குள் உடைந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்.

காரணம் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் மின்விசிறியால். இரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும். ஷிப்டு மாறும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை வரிசையாக மோட்டார்களைப் போடுவார்கள், வோல்டேஜ் இறங்கிவிடும். எங்கள் விசிறி அப்போது றெக்கைகளை எண்ணலாம் போலச் சுற்றும். இயந்திரம் அணைந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அது அணையாது. ஓடிக்கொண்டே இருக்கும், காது மட்டும் மந்தமாகிவிடும். உரத்த எதிரொலி கேட்கும், மெல்லிய எதிரொலி கேட்காது. சீழின் பொடி முட்கள்தான் முதலில் மறையும். காலையில் எட்டு என்றால் தாராளம். இரண்டு மணிக்கு எட்டு என்பது காலையின் ஐந்துதான்.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "தப்பு எனக்கும் வரும்ப்பா" என்றார். "ஆனா நீ ஒரு சந்தேகமும் இல்லாம எழுதியிருந்தே. சந்தேகம்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா, நான் ஊசியைக் கையிலேயே வச்சிருப்பேன்."

வோல்டேஜை நிலைப்படுத்தும் கருவி வேண்டும் என்று எழுதிப் போட்டோம். அது வருகிற வழியாக இல்லை. அதுவரை இயந்திரத்தின் காதை எப்படிச் சோதிப்பது? மாறாத ஓர் ஈரல் வேண்டும். எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும். என்னுடையதைவிட வசதியானது எதுவும் தோன்றவில்லை. நோட்டு அப்படித்தான் ஆரம்பித்தது. காலை எட்டேகால், பிற்பகல் இரண்டு பத்து, மாலை நாலரை. கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெய் தடவி, என் விலாவிலேயே முனையை வைப்பேன். திரையில் ஒட்டிய கட்டத்தாளில் புல் எத்தனை கட்டம் உயருகிறது என்று எழுதுவேன். காலையில் குமிழ் நாலில் வருகிற உயரம் இரண்டு மணிக்கு ஏழில்தான் வந்தது. காலையில் ஏழில் வருவது இரண்டு மணிக்குப் பத்தில் வந்தது. நாள் தவறாமல் அப்படியே.

தனம்மா ஒருநாள் கதவைத் திறந்துவிட்டார். "இன்னா சார் இது, தெனிக்கும் ஒன் ஈரலயே பாத்துகினு கீற? அது எங்கயும் ஓடிப்பூடாது சார்."

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு தடவை சந்தேகமில்லாமல் எழுதியதற்குப் பரிகாரமாக, அடுத்த எட்டு மாதம் எல்லா அறிக்கையிலும் சந்தேகத்தையே எழுதினேன். "சீழாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்." காலையில் வோல்டேஜ் முழுதாக இருக்கும்போது பார்த்தவர்களுக்கும் அதே வாசகம். மெல்ல மெல்ல என்னிடம் ஆள் அனுப்புவது நின்றது. தனம்மா பழைய திரைச்சீலையை வெட்டி இயந்திரத்துக்கு ஓர் உறை தைத்துப் போட்டார். முதல் தவறைவிட இரண்டாவது சிறியது என்று இன்றும் நான் நினைக்கவில்லை. முதலாவது பதற்றம் தந்தது. இரண்டாவது எனக்கு நிம்மதி தந்தது, அதுதான் வித்தியாசம்.

அந்த நிம்மதியான நாட்களில்தான் சவரிமுத்து வந்தார்.

நாற்பது வயதிருக்கும். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. தண்டையார்பேட்டையில் ஒரு தோல் கிடங்கில் காவல் வேலை. மனைவி ரெஜினா கூடையில் மீன் விற்பவர். சவரிமுத்துவுக்கு வலது விலாவுக்குக் கீழே மேடு, கூடவே காய்ச்சல். அமீபா மருந்து ஒரு வாரம் கொடுத்தும் மேடு குறையவில்லை. தாளில் வழக்கமான வார்த்தை: மறுக்கிறார். இவர் மற்றவர்களைவிடச் சத்தமாக மறுத்தார்.

"மாதா மேல சத்தியம் நைனா, மூணு வருசமா தொடறதேயில்ல. கோயில்ல முட்டி போட்டு சத்தியம் பண்ணிக்கீறேன்."

பக்கத்துப் படுக்கைக்காரர் விடவில்லை. "நானுந்தான் மாமு சத்தியம் பண்ணேன். பண்ண களைப்புல சாயங்காலமே தாகம் எட்த்துச்சு."

வார்டே சிரித்தது. சவரிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் சிரித்தவர்களில் ஒருவன்.

அன்று இரண்டரை மணிக்கு ஊசி போடுவதாக முடிவானது. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "தோலிலேர்ந்து எத்தனை ஆழம்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் எழுதாதே" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சவரிமுத்துவைப் படுக்கவைத்தேன். எண்ணெய் தடவினேன்.

"இன்னா நைனா, வறுக்கப் போறியா?"

"ஒண்ணும் பண்ணாது, சும்மா படுங்க."

"படுத்துகினுதான் கீறேன். ஒரு வாரமா அதான் வேல."

முதல் சுவர் மூன்று சென்டிமீட்டரில். எதிர்ச் சுவர் பன்னிரண்டில். மூன்று என்று எழுதிக்கொண்டேன். கேட்ட வேலை முடிந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு முட்களும் வழக்கத்தைவிட நீளமாக, கூராக நின்றன. சீழ்க் கட்டியின் சுவர் அப்படி இராது. கொஞ்சம் கந்தலாக இருக்கும். கை தானாகக் குமிழுக்குப் போனது. அதே சமயம் சங்கு ஊதியது. விசிறி தளர்ந்தது. எட்டு வரை திருப்பினேன். வெறுங்கோடு.

பாய்லர் தொழிலாளியின் நாள் அப்படியே திரும்பி வந்து நின்றது. அதே நேரம், அதே எட்டு, அதே வெறுங்கோடு. இது வோல்டேஜ் செய்கிற வேலை, உள்ளே இருப்பது சீழ்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய டாக்டரின் விரலும் அப்படித்தான் சொல்கிறது, தாளும் அப்படித்தான் சொல்கிறது. மூன்று சென்டிமீட்டர் என்று தாளைக் கொடுத்துவிட்டால் என் பொறுப்பு தீர்ந்தது. முனையைத் துடைத்துக்கூட விட்டேன்.

வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சவரிமுத்துவின் நாய் ஒன்று ராயபுரத்திலிருந்து ரெஜினாவின் பின்னாலேயே வந்துவிட்டது. தனம்மா அதை விரட்டிக்கொண்டிருந்தார்.

"கலீஜு பண்ணிடும் இது. இட்டுகினு போ மொதல்ல."

"அது போவாது யக்கா. இவுரு மூஞ்சப் பாக்காம ஒரு வாரமா சோறு துன்னாம கெடக்குது."

"சோறு துன்னலன்னா பிரியாணி போடு."

"ஆமா, நாலு நாய்க்கு பிரியாணி! இவுரு ஆடு அறுக்கற ஆட்டுத்தொட்டிலருந்து தெனிக்கும் ஈரலு எட்துகினு வருவாரு. கொப்புளம் கொப்புளமா தண்ணி கட்டிக்கினு கீறது, யாரும் வாங்க மாட்டாங்க, சொம்மாவே குடுப்பாங்க. அத்தப் பச்சையா துன்னு துன்னு பழகிப்பூட்ச்சு. நாக்க வச்சி இவுரு மூஞ்சயெல்லாம் நக்கும், இவுரும் சிரிச்சிகினு குந்திகினு கீறாரு."

துடைத்த முனை கையிலேயே நின்றது.

எங்கள் படிப்பில் இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பரீட்சையில் வராது என்று நான் மடித்துவிட்டுப் போன பக்கம். நாயின் குடலில் இருக்கிற ஒரு குட்டி நாடாப்புழு. அதன் முட்டையை ஆடு மேய்ச்சலில் விழுங்கினால் ஆட்டின் ஈரலில் தண்ணீர்ப் பை வளரும். அந்த ஈரலைப் பச்சையாகத் தின்ற நாய்க்குப் புழு வரும். நாயைத் தடவின கையால் மனிதன் சாப்பிட்டால், மனிதனுடைய ஈரலிலும் அதே பை. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் பெரிதாகும். அரைப்பக்கத்தின் கடைசி வரியும் நினைவுக்கு வந்தது. இதில் ஊசி போடக் கூடாது. பை கசிந்தால் உடம்பு அதிர்ந்து சில நிமிஷங்களில் உயிர் போய்விடலாம். பிழைத்தாலும், சிந்தின இடமெல்லாம் புதுப் பை முளைக்கும்.

நாய் வளர்க்கிறார் என்பதாலேயே நீர்ப்பை என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தெருக்களில் யார் நாய் வளர்க்கவில்லை? வெறுங்கோடு உண்மையா, மந்தக் காதா என்பதுதான் கேள்வி. நோட்டை எடுத்துப் பிரித்துவைத்துக்கொண்டேன். சட்டையைத் தூக்கி என் விலாவில் எண்ணெயைத் தடவினேன்.

"இன்னா நைனா, வைத்தியம் எனக்கா ஒனக்கா?" என்றார் சவரிமுத்து.

குமிழைப் பத்தில் வைத்தேன். என் ஈரலின் புல், காலையில் ஏழில் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் எழுந்தது. நோட்டில் எட்டு மாதமாக இருக்கிற அதே உயரம். அப்படியானால் இந்த நிமிஷம், பத்தாம் எண்ணில், இயந்திரத்துக்குக் காது சரியாகக் கேட்கிறது. சீழ் இருந்தால் தப்பவே தப்பாது. குமிழைத் தொடாமல் முனையை சவரிமுத்துவின் விலாவுக்கு மாற்றினேன்.

வெறுங்கோடு. ஒரு பொடி முள்கூட இல்லை.

முனையைக் கொஞ்சம் சாய்த்தேன். வெறுங்கோட்டின் நடுவில் மெல்லியதாக, ஊசி நட்டதுபோல ஒரு முள் எழுந்தது. அதற்கப்பால் மறுபடி வெறுங்கோடு. பைக்குள் இன்னொரு பை.

மணி இரண்டு இருபது. நோட்டோடு ஓடினேன். பெரிய டாக்டர் கையுறை போட்டுத் தயாராக நின்றிருந்தார். தட்டில் ஊசி கொதிநீரிலிருந்து வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"ஆழம்?"

"மூணு சென்டிமீட்டர் சார். ஆனா ஊசி போடக் கூடாது."

"யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். உள்ள இருக்கறது சீழ் இல்ல. நாய்ப் புழுவோட தண்ணீர்ப் பை."

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். என் சட்டையில் எண்ணெய். "எப்பவும் சந்தேகம்னு போடுவியே, அது எங்க?"

"இன்னிக்கு இல்ல சார்."

"போன தடவையும் தண்ணின்னுதான் சொன்னே. இதே ரெண்டு மணிக்கு."

"போன தடவை மிஷினுக்குக் காது கேக்குதான்னு பாக்கல. இன்னிக்குப் பாத்துட்டுத்தான் வரேன்." நோட்டை நீட்டினேன்.

கையுறையோடு தொட முடியாததால் நானே பக்கங்களைத் திருப்பிக் காட்டினேன். காலை, பிற்பகல், மாலை. நாலில் இவ்வளவு, ஏழில் இவ்வளவு, பத்தில் இவ்வளவு.

"யாரோட ஈரல் இது?"

"என்னோடது சார்."

"எட்டு மாசமா?"

"லீவு நாள் தவிர."

அவர் முகத்தில் என்ன வந்து போனது என்று எனக்குத் தெரியவில்லை. "நீ சொல்றது தப்புன்னா, சீழ் உடைஞ்சு இந்த ஆள் செத்துப்போவான். தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் சொல்றியா?"

"சொல்றேன் சார்."

அவர் நோட்டை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு அவர் ரெஜினாவைக் கூப்பிடச் சொன்னார். "எத்தனை நாய் உங்க வீட்டுல?"

"நாலு சார். ஒண்ணு வாசல்லயே கீது, வேணும்னா பாரு."

"உன் புருஷன் குடிப்பாரா?"

"அத்ததான ஒரு வாரமா கத்திகினு கீறேன், இல்ல இல்லன்னு! அதுவும் கத்துது, நானும் கத்தறேன். யாரு காதுல வாங்குனீங்க?"

பெரிய டாக்டர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நான் ஆழம் மட்டும்தானே கேட்டேன்" என்றார். பிறகு ஊசித் தட்டின் மேல் துணியை மூடினார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அன்று மாலையே சவரிமுத்துவை அனுப்பினார்கள். பெரிய டாக்டர் ஆம்புலன்ஸில் கூடவே போனார். போகும்போது ஊசியையும் எடுத்துக்கொண்டு போனார், வழியில் உடைந்தால் வேண்டுமே என்று. அவர் என்னை நம்பினார். ஆனால் நான் இறக்கிவைத்த சந்தேகத்தையும் அவர் சேர்த்துச் சுமந்துகொண்டார். நம்புகிறவர்கள் அப்படித்தான் நம்ப வேண்டும் என்று பிறகு புரிந்துகொண்டேன்.

அடுத்த மூன்று நாள் என் நோட்டில் ஒன்பது வரி இருக்கிறது. எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. கையெழுத்துதான் என்னுடையது மாதிரி இல்லை.

நான்காம் நாள் காலை பெரிய டாக்டர் நேராக என் அறை வாசலுக்கு வந்தார்.

"நுங்கு மாதிரி இருந்துது" என்றார். "வெள்ளையா, வழவழன்னு. ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஏழெட்டு. சுத்தி நனைச்ச துணியை அடுக்கி, ஒரு சொட்டு வயித்துல விழாம எடுத்தாங்க. காய்ச்சல் வெறும் நெஞ்சுச் சளி. நல்லா இருக்கான்."

பிறகு மேஜையில் கிடந்த சவரிமுத்துவின் தாளை எடுத்தார். 'மறுக்கிறார்' என்ற வார்த்தையைத் தன் பேனாவால் அடித்து, 'குடிப்பதில்லை' என்று எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். அதன் பிறகு எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வந்தது. குடிப்பதில்லை என்று ஒருவர் சொன்னால், அடுத்து "நாய் உண்டா, என்ன வேலை, தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். சொன்னதை நம்பினால் மட்டும்தான் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றும்.

இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. பைக்குள் பை இருந்தால் உங்கள் திரையில் படமாகவே தெரிகிறது. அமீபாச் சீழுக்குப் பெரும்பாலும் மருந்தே போதும் என்கிறார்கள். நாய்ப்புழுப் பைக்கும் மருந்து வந்திருக்கிறது. தேர்ந்தவர்கள் தகுந்த ஏற்பாட்டோடு அதில் ஊசியும் போடுகிறார்கள். அன்று அரைப்பக்கமாக இருந்தது இன்று உங்களுக்கு ஓர் அத்தியாயம். எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் இயந்திரமும் சில சமயம் அணையாமலே மந்தமாகும். வேறு ஏதோ காரணம் இருக்கும், எனக்குத் தெரியாது. உங்கள் அறையின் இரண்டு மணி எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்து சவரிமுத்து வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். ரெஜினா தாழங்கூடையில் வஞ்சிரம் கொண்டுவந்திருந்தார். நாய்களை மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போய்ப் பூச்சி மருந்து கொடுத்தாயிற்று என்றார்.

"இப்ப அவிச்ச சோறுதான் சார். மூஞ்சத் தூக்கிகினு துன்னுதுங்க. இவுரும் அப்டிதான்."

"தொட்டா கை கழுவ சொல்லி அட்ச்சே கொல்றா நைனா" என்றார் சவரிமுத்து. "நீ காப்பாத்துன, இவ பேஜாரு பண்றா."

தழும்புக்குப் பக்கத்தில் முனையை வைத்தேன். சீரான புல். பிறகு ரெஜினாவைப் படுக்கவைத்துப் பார்த்தேன், அவருக்கும் ஒன்றுமில்லை. "நல்லாப் பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். "நல்லாப் பாத்தேன்" என்று சந்தேகம் எதுவும் சேர்க்காமல் சொன்னேன். இரண்டு பேரும் வெளியே போனார்கள். வாசலில் காத்திருந்த நாய் குதிக்கிற சத்தம் கேட்டது, கூடவே தனம்மாவின் திட்டும்.

சங்கு ஊதியது. விசிறி தளர்ந்தது. நான் நோட்டைத் திறந்து, சட்டையைத் தூக்கினேன். அப்போது கதவு திறந்தது. பெரிய டாக்டர்.

இயந்திரத்தையும் என்னையும் பார்த்தார். கதவைத் தாளிட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பெஞ்சில் படுத்து, தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.

"என்னுதையும் பாத்து எழுதி வை. நீ லீவு போட்டா அன்னிக்கு யாரை வச்சுச் சரிபாக்கறது?"

எண்ணெய் தடவினேன். குமிழை ஏழில் வைத்தேன், பிறகு பத்தில் வைத்தேன். என்னுடையதைவிட அரைக்கட்டம் குட்டையான புல், ஆனால் நெருக்கமானது. அவர் தலையைத் தூக்கித் தானும் பார்த்தார். நோட்டில் என் வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதினேன்.

பிற்பகல் 2.10. பெரிய டாக்டர். இயந்திரத்துக்குக் காது கேட்கிறது. ஈரல் நன்று.